காவலுக்கு ஒரு பச்சை டிக்

"நீதான் அமுக்கினே..."

"நீதான் அமுக்கச் சொன்னே..."

"நான் எப்போ சொன்னேன்? பொய் சொல்லா..."

"எப்பவும்தான் சொல்வே. திரையில எந்தப் பெட்டி வந்தாலும் 'சரி'ன்னு அமுக்கு, மத்ததை ஆன்டிவைரஸ் பார்த்துக்கும்னு."

அண்ணன் அப்படிச் சொன்னது உண்மைதான்.

கம்ப்யூட்டர் திரை முழுவதும் சிவப்பாக இருந்தது. 'உங்கள் கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டோம். பணம் அனுப்பினால் சாவி தருவோம்' என்று அதில் எழுதியிருந்தது. கீழே மூலையில் ஆன்டிவைரஸின் பச்சை டிக் மட்டும் ஒன்றும் அறியாத பிள்ளை போல உட்கார்ந்திருந்தது.

தங்கைக்கு வீட்டில் நண்டு என்று பெயர். எதைப் பிடித்தாலும் விடமாட்டாள் என்பதால் வந்த பெயர். படம் வரையும் விளையாட்டு ஒன்று இலவசம் என்று போட்டிருந்ததைப் பார்த்து இறக்கினாள். நடுவில் ஒரு பெட்டி வந்து, 'இதை நம்பலாமா?' என்று கேட்டது. 'சரி' என்று அமுக்கினாள். அவ்வளவுதான் அவள் செய்தது.

"மெதுவாப் பேசு. அத்தை காதுல விழும்" என்றான் அண்ணன்.

"விழட்டும். அவங்க குரல்தானே அதுக்குள்ள இருக்கு" என்றாள் நண்டு.

அப்பாவின் அக்காதான் அத்தை. அவர்களோடுதான் இருக்கிறார். பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்று பக்கத்துத் தெருவில் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்காக அத்தை பாடங்களைச் சத்தமாக வாசித்துப் பதிவு செய்து கொடுப்பார். போன மாதம் அவருக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. நோய் போனது. அதோடு குரலும் போய்விட்டது. இனி அத்தையின் குரல் என்று ஒன்று இருந்தால், அது இந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்ததுதான்.

சாயங்காலம் ரிப்பேர்காரர் வந்தார். அவர் சுவரோரம் இருந்த இணைய ஒயரை முதலில் பிடுங்கினார்.

"அப்டேட் கேட்டிருக்குமே, போட்டீங்களா?"

"அது தினமும் கேட்கும். 'பிறகு'ன்னு அமுக்கிடுவேன்" என்றான் அண்ணன்.

"இது என்ன?" என்று கம்ப்யூட்டரில் மாட்டியிருந்த ஒரு சின்னப் பெட்டியைக் காட்டினார்.

"நகல் வைக்கிற டிஸ்க். அத்தை வாசிச்சது எல்லாம் இதுலயும் ஒண்ணு இருக்கு" என்றான் அண்ணன் சற்று நிமிர்ந்து.

"எப்பவும் இப்படி மாட்டியேதான் இருக்குமா?"

"கழற்றிக் கழற்றி மாட்டச் சோம்பலா..."

"அப்போ அதையும் பூட்டிட்டான் தம்பி."

அண்ணன் மறுபடி குனிந்துகொண்டான்.

அப்பாவுக்குக் கோபம் வந்தது. "காசு கொடுத்துத்தானே ஆன்டிவைரஸ் வாங்கினோம்? வாட்ச்மேன் தூங்கிட்டானா?"

"தூங்கல சார். தெரிஞ்ச திருடன் முகமா இருந்தா பிடிச்சிருப்பான். இது புது முகம் போல. சந்தேகம் வந்து நம்மகிட்ட கேட்டும் இருக்கான். வீட்டு ஆளே 'இவர் நம்ம ஆளு, உள்ள விடு'ன்னா, அவன் என்ன செய்வான்?"

நண்டு தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பணம் கட்டிட்டா?" என்று அண்ணன் மெல்லக் கேட்டான்.

"பூட்டினவன் பேச்சை நம்பியா?" என்றார் அப்பா.

ரிப்பேர்காரர் கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். "எல்லாத்தையும் அழிச்சுச் சுத்தமாப் போட்டுத் தரேன். உள்ள இருந்தது வரும்னு மட்டும் என்னால வாக்குக் கொடுக்க முடியாது. எங்க வீட்டுக் கம்ப்யூட்டர்லயும் இதே ஆன்டிவைரஸ்தான் சார்" என்று சொல்லிவிட்டு, அவரும் கவலையோடு படி இறங்கினார்.

நண்டு அத்தையின் அறைக்குப் போனாள். அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, நான் ஒண்ணு அமுக்கிட்டேன். நீங்க வாசிச்சது எல்லாம் போச்சு."

அத்தையின் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. வெகுநேரம் கண்ணாடியையே துடைத்தார். பிறகு பக்கத்தில் இருந்த சிலேட்டை எடுத்து எழுதினார். 'சாப்பிட்டியா?'

திட்டியிருந்தால்கூட நண்டு தாங்கியிருப்பாள். அந்த ஒரு வார்த்தையைப் பார்த்ததும் அழுதுகொண்டே வெளியே ஓடி வந்துவிட்டாள்.

"அழாதே. போனது போனதுதான்" என்றான் அண்ணன்.

நண்டு மூக்கை உறிஞ்சினாள். "நம்ம வீட்ல போச்சு. கொடுத்த இடத்துல?" என்றாள்.

"எந்த இடத்துல?"

"பள்ளிக்கூடத்துல. அத்தை யாருக்காக வாசிச்சாங்க, நமக்கா?"

மறுநாள் பள்ளி விட்டதும் இருவரும் அங்கே போனார்கள். வராந்தாவில் அங்கே படிக்கும் ஒரு அக்கா தனியாக உட்கார்ந்து, உள்ளங்கை அளவுள்ள ஒரு ஒலிப்பெட்டியைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டதும் நிறுத்தினாள்.

"யாரு?"

"பாடம் வாசிக்கிற அத்தை வீட்ல இருந்து வரோம்" என்றாள் நண்டு.

அந்த அக்காவின் முகம் மலர்ந்தது. "நீ பென்சில் பொண்ணுதானே?"

"என்ன பென்சில்?"

"ஒரு பாடத்துல நடுவில வந்து, 'அண்ணன் என் பென்சிலைத் திருடிட்டான்'னு அழுதியே. வெட்டி எடுக்காம அப்படியே அனுப்பிட்டாங்க. மறுநாளே திருத்தினது வந்துது. பழசை அழிச்சிடச் சொன்னாங்க. நான் அழிக்கல."

"நான் திருடல. கடன் வாங்கினேன்" என்றான் அண்ணன்.

"ஓ, நீதான் அந்தத் திருடனா?" அக்கா சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஹாஸ்டல்ல வீட்டு ஞாபகம் வந்தா எல்லாரும் அதைத்தான் போடச் சொல்லுவாங்க. அதுல ஒரு வீட்டுச் சத்தம் இருக்கு. அது போகட்டும், அத்தை ஏன் இப்போ பாடமே அனுப்பறதில்ல?"

நண்டுதான் சொன்னாள். அறுவைச் சிகிச்சையைச் சொன்னாள், சிவப்புத் திரையைச் சொன்னாள், தான் அமுக்கியதையும் சொன்னாள்.

அக்கா ஒலிப்பெட்டியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"போன வருஷத்துப் பாடம் எல்லாம் இடமில்லைன்னு அழிச்சிட்டோமே. தெரிஞ்சிருந்தா அழிச்சிருக்கவே மாட்டோம். இந்த வருஷத்தது மட்டும் இதுல இருக்கு."

அண்ணன் சட்டைப் பையில் கைவிட்டு ஒரு பென் டிரைவை எடுத்தான். "இதுல ஏத்திக்..."

நண்டு அவன் கையைப் பிடித்தாள். பிடி இறுகியது. "அது நம்ம கம்ப்யூட்டர்ல சொருகினது. இங்கே சொருகினா இங்கேயும் பூட்டிக்கும். இவங்ககிட்ட இருக்கிறதும் போயிடும்."

அண்ணன் அதைச் சத்தமில்லாமல் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"இதையே எடுத்துட்டுப் போங்க. உங்க கம்ப்யூட்டர் சுத்தமா வந்ததும் நகல் எடுத்துட்டுத் திருப்பிக் கொடுங்க. பரீட்சை வருது, மறந்துடாதீங்க" என்று அக்கா ஒலிப்பெட்டியை நீட்டினாள்.

திரும்பும் வழியில் மழை தூறியது. நண்டு ஒலிப்பெட்டியைச் சட்டைக்குள் வைத்து அணைத்துக்கொண்டு நடந்தாள்.

"கம்ப்யூட்டர் வந்ததும் ரெண்டு ஆன்டிவைரஸ் போட்டுடலாமா?" என்று அண்ணன் கேட்டான்.

"கதவைத் திறந்துவிடறது நாமதானே. ரெண்டு வாட்ச்மேனும் சேர்ந்து வேடிக்கை பார்ப்பாங்க."

"சரி, ஒண்ணு போதும். அப்டேட் கேட்டா உடனே போடறேன். டிஸ்க்கைக் கழற்றி பீரோவுல வைக்கிறேன்."

"நானும் 'சரி'ன்னு அமுக்கறதுக்கு முன்னாடி யாரையாவது கேட்கறேன்."

"என்னைக் கேளு."

"உன்னைத் தவிர யாரையாவது" என்றாள் நண்டு.

வீட்டில் விளக்குப் போடாமல் அத்தை அதே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நண்டு ஒன்றும் சொல்லாமல் ஒலிப்பெட்டியை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். அண்ணன் பொத்தானை அமுக்கினான்.

அறைக்குள் அத்தையின் குரல் வந்தது. மேகங்களைப் பற்றிய பாடம். நிதானமாக வாசித்துக்கொண்டே போன குரல் திடீரென்று நின்றது. ஒரு சின்னப் பெண் அழும் சத்தம், பென்சிலைப் பற்றிய புகார், "போடி, ரெக்கார்டு ஆகுது" என்ற அதட்டல். அடுத்து, அடக்க முடியாமல் வெடித்த அத்தையின் சிரிப்பு. வீடே கேட்கும்படியான பெரிய சிரிப்பு.

அத்தையின் கை தானாகத் தொண்டைக்குப் போனது.

சிரிப்பு அடங்கிப் பதிவும் முடிந்தது. வெளியே மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அத்தை சிலேட்டை எடுக்கவில்லை.

"இன்னொரு தடவை போடட்டுமா அத்தை?" என்றாள் நண்டு.