காவேரி வளர்த்த புல்தரை

பூஜை அறை வாசலில் இருந்த செம்புக் குடம் உருண்டு, தண்ணீர் கூடம் முழுக்க ஓடியது.

ஜவஹர் அப்படியே நின்றுவிட்டார். காலில் பட்டது என்னவென்று குனிந்துகூடப் பார்க்கவில்லை. சமையலறையிலிருந்து ஈரக்கையோடு ஓடி வந்த காவேரி, யாரும் வாயைத் திறப்பதற்குள், "நான்தான் வழியில வச்சிட்டேன்... மறந்துபோச்சு" என்றாள். கணவரின் முழங்கையைத் தொட்டு ஓரமாக ஒதுக்கிவிட்டு, துணியோடு தரையில் உட்கார்ந்தாள்.

குடத்தை அங்கே வைத்தவள் மாமியார் தங்கம்.

"நான் வச்ச குடத்தை நீ வச்சேன்னு ஏன் சொல்லுதே?" தங்கம் நாற்காலியை விட்டு எழாமலே கேட்டாள். "எல்லார் முன்னாலயும் நல்லவளாக் காட்டிக்கிடணும், அதானே? எம்மவன் குடத்தைத் தட்டிவிட்டுட்டு ஒரு வார்த்தை பேசல. பெத்தவ பக்கத்துல உக்காந்திருக்கேன், திரும்பிப் பாக்கல. முன்னால இப்படியா இருந்தான்? நீ அந்தத் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போன பிறகுதான்..."

காவேரி தண்ணீரைத் துடைத்துப் பிழிந்தாள்.

மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது தன் கணவருக்குத் தெரியவில்லை என்பதை அவள் எப்படிச் சொல்லுவாள்?

ஜவஹரின் கண்ணில் அழுத்தம் ஏறி, நரம்பு பழுதாகிப் பல வருஷமாகிவிட்டது. எதிரில் இருப்பது மட்டும், ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் தெரியும். பக்கத்தில் நிற்பவர் தெரியாது. கால் வைக்கும் தரை தெரியாது. போன பார்வை திரும்பாது, மிச்சமிருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கு அடையாறு ஆஸ்பத்திரியிலிருந்து இருவரும் வீடு திரும்பினார்கள். வாசலில் கார் நின்றதும் ஜவஹர் அவள் கையைப் பிடித்தார்.

"யாருக்கும் தெரியக் கூடாது, காவேரி. 'பெரியவன் கண்ணுதான் நம்ம கடை'ன்னு அப்பா ஊரெல்லாம் சொல்லிட்டுப் போயிட்டார். அந்தக் கடையில ஒருத்தன் என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போற நிலைமை எனக்கு வேண்டாம். என் மேல சத்தியம் பண்ணு."

அவள் சத்தியம் செய்தாள்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தியாகராய நகரில் ஜவுளிக் கடை போட்ட குடும்பம் அது. புடவையைத் தூர நின்று பார்த்தே நூலின் தரம் சொல்லுகிறவர் என்று ஜவஹருக்குப் பெயர். அவர் திடீரென்று, "எனக்கு அலுத்துப்போச்சு. கடையைத் தம்பி பாத்துக்கிடட்டும்" என்று சொல்லிவிட்டு, மதுராந்தகம் தாண்டி அப்பா வாங்கிப் போட்டிருந்த தோட்டத்துக்குக் குடிபோனதும், பழி முழுக்கக் காவேரியின் தலையில் விழுந்தது. புருஷனைக் குடும்பத்திலிருந்து பிரித்துவிட்டாள். தோட்டத்தைத் தனக்கென்று வளைத்துப் போடப் பார்க்கிறாள். அக்கா என்று காலையே சுற்றிவந்த ஓரகத்தி ஷண்முகப்ரியாகூடப் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். கடையில் குழந்தைகள் துணிப் பிரிவைத் தன் கையால் வளர்த்தவள் காவேரி. அதை விட்டுவிட்டு வந்தது யாருக்காக என்று ஒருவரும் கேட்கவில்லை.

தோட்டத்துக்குப் போனபோது வீட்டைச் சுற்றி ஒரே புதர். தொட்டாச்சிணுங்கி முள், கோரை, பாதி மண்ணுக்குள் கிடக்கும் கற்கள், கைப்பிடிச் சுவர் இடிந்த கிணறு. முதல் வாரமே ஜவஹர் இரண்டு தடவை விழுந்தார். அதற்குப் பிறகு வாசற்படியை விட்டு இறங்கவே இல்லை.

காவேரி மண்வெட்டியை எடுத்தாள். மண்ணாங்கட்டி என்ற உள்ளூர்க்காரரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, மேடு பள்ளம் இல்லாமல் நிலத்தைச் சமன்படுத்திப் புல் பதித்தாள். கோரையை மேலே வெட்டினால் மறுபடி முளைக்கும் என்று கிழங்கோடு தோண்டி எடுத்தாள். எறும்புப் புற்று கிளம்பினால் அன்றைக்கே மூடினாள். வீட்டுப் படியிலிருந்து மாமரம் வரை ஒரு பாதையளவுக்குப் புல்லை ஒட்ட வெட்டி, இரண்டு பக்கமும் கணுக்கால் உரசும்படி வளரவிட்டாள். செருப்பில்லாமல் நடந்தால் பாதை எங்கே, ஓரம் எங்கே என்று காலுக்கே தெரிந்துவிடும். கிணற்றைச் சுற்றிச் சுவர் கட்டி, அதற்கு முன்னால் இட்லிப்பூச் செடியை நெருக்கி நட்டு வேலி ஆக்கினாள். புல் வெட்டும் மெஷினை அவளே தள்ளினாள். அந்த உயரம் வேறு யாருக்கும் சரியாக வரவில்லை.

ஒரு நாள் காலை ஜவஹர் தனியாகப் படியிறங்கினார். மாமரம் வரை போனார். திரும்பி வந்தார். காவேரி ஜன்னலுக்குப் பின்னால் நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

உலகத்தில் அவர் யார் துணையும் இல்லாமல் நடக்கிற ஒரே இடம் அந்தப் புல்தரைதான்.

இப்போது அவர்கள் சென்னைக்கு வந்திருந்தது ஷண்முகப்ரியாவின் மகள் அனுவுக்கு நிச்சயப் புடவை எடுக்க. ஈரம் துடைத்து முடிப்பதற்குள், ஜவஹரின் தம்பி செந்தில்குமார் மாடியிலிருந்து இறங்கி வந்தான்.

"அண்ணே, மதினி, நிச்சயத்தைத் தோட்டத்துலயே வச்சுக்கிடலாம்னு இருக்கோம். மாப்பிள்ளை வீட்டுக்கும் பிடிச்சிருக்கு. வாசல் பக்கத்துப் புல்லை எடுத்துட்டு ஜல்லி போட்டா, கார் நிறுத்த வசதியா இருக்கும்."

காவேரி துணியைக் கீழே வைத்தாள். "தாராளமா அங்கேயே வச்சுக்கிடுவோம், தம்பி. காரைத் தென்னந்தோப்புப் பக்கம் நிறுத்தட்டும். புல்லுல மட்டும் கை வைக்க வேண்டாம்."

"தோப்புல சேறும் சகதியுமா இருக்கும். வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"நான் சரி பண்ணித் தாரேன். புல்லு வேண்டாம், தம்பி."

செந்தில்குமாரின் முகம் மாறியது. "தோட்டம் அப்பா வாங்கினது, மதினி. உங்க பேருக்கு எப்போ மாத்தினீங்க?"

அவன் பின்னாலேயே இறங்கி வந்திருந்த ஷண்முகப்ரியா தலையைக் குனிந்துகொண்டு மெல்லச் சொன்னாள். "அனு நிச்சயத்தைவிட உங்களுக்குப் புல்லு பெருசாப் போச்சாக்கா? உங்க மடியில வளந்த பிள்ளை..."

பிள்ளையில்லாத காவேரிக்கு அனுதான் பிள்ளை. மற்ற எந்தச் சொல்லையும் தாங்கியவளால் இதைத் தாங்க முடியவில்லை. ஒரு நிமிஷம் கணவரைப் பார்த்தாள். ஜவஹர் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

காவேரி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து, புடவை எடுத்து முடிந்ததும், அனுவைத் தவிர எல்லாரும் தோட்டத்துக்குக் கிளம்பினார்கள். பந்தல் போடும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று தங்கமும் வந்தாள். செந்தில்குமார் முன்னால் போன காரில் இருந்தான். முகப்பு கேட் பூட்டியிருந்ததால், தென்னந்தோப்பு வழியாகப் பின்வாசலில் கார்கள் நின்றன.

காவேரி சாமான்களை இறக்கிச் சமையலறையில் வைத்துக்கொண்டிருந்தாள். ஊர் வந்து சேர்ந்த சந்தோஷத்தில் ஜவஹர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வீட்டுக்குள் நடந்து, முன்வாசல் கதவைத் தானே திறந்தார். இந்த வீட்டில் அவரை யாரும் கவனிக்க வேண்டியதில்லை. அதனால் காவேரியும் கவனிக்கவில்லை.

வெளியே மண் சரிகிற ஓசை. அதன்பின் ஒரு முனகல்.

அவள் ஓடினாள். வாசற்படிக்கு எதிரே பச்சையைக் காணோம். கிளறிப் போட்ட செம்மண், குவியலாகக் கருங்கல் ஜல்லி, ஜல்லி நிரப்பத் தோண்டிய குழி. அந்தக் குழிக்குள் ஒரு காலும் வெளியே உடம்புமாக ஜவஹர் கிடந்தார். நெற்றியில் ரத்தம். இடது கை ஒரு மாதிரி மடங்கியிருந்தது.

மண்ணாங்கட்டி ஓடி வந்து தூக்கினார். "நீங்க சொன்னதா சொன்னாங்கம்மா... சின்னய்யா போன் பண்ணி, அம்மா சரின்னுட்டாங்க, புல்லை எடுன்னாரு. எனக்கு இன்னாம்மா தெரியும்..."

காவேரி செந்தில்குமாரைத் திரும்பிப் பார்த்தாள். அவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். குற்ற உணர்ச்சியே கோபமாக மாறி வெளியே வந்தது.

"இவ்வளவு பெரிய குழி... பட்டப்பகல்ல... கண்ணு தெரியலையா அண்ணே உங்களுக்கு?"

"வெயில் கூசிருச்சு, தம்பி. அவர் இப்பத்தான் கார்ல தூங்கி எழுந்து..." காவேரி அவசரமாகச் சொல்லத் தொடங்கினாள்.

"போதும், காவேரி."

ஜவஹர் அவள் மேல் சாய்ந்தபடி தம்பியின் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"ஆமாடா. தெரியல."

செந்தில்குமார் ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

"நீ எங்கே நிக்கேன்னு குரலை வச்சுத்தான் திரும்புதேன். குழி தெரியல. ஜல்லி தெரியல. அன்னைக்கு அம்மா வச்ச குடமும் தெரியல. கடையை விட்டு வரும்போதே எனக்குப் பாதி போயிருச்சு. இவ என்னைப் பிரிச்சுக் கூட்டிட்டு வரல. நான்தான் ஒளிய இடம் தேடி வந்தேன். இந்தப் புல்லு அழகுக்குப் போட்டதுன்னு நினைச்சியா? எனக்காகப் போட்ட தரைடா இது. இதுல மட்டும்தான் நான் விழாம நடந்தேன்."

மூச்சு வாங்கியது அவருக்கு.

"வெளியே சொல்லாதேன்னு என் மேல சத்தியம் வாங்கினேன். நீங்க எல்லாரும் இவளைக் கேட்டதெல்லாம் என் காதுல விழுந்தது. கண்ணுதான் போச்சு, காது போகல. கேட்டுக்கிட்டுச் சும்மா இருந்தேன். தப்பு பண்ணினது நான்."

செந்தில்குமார் குழி ஓரத்திலேயே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டான். "என்கிட்ட சொல்லலையே அண்ணே... என்மேல ஏதோ கோபம், கடையை என் தலையில போட்டுட்டுப் போயிட்டீங்கன்னு இத்தனை நாளும்... ராத்திரி தூக்கம் வராம உங்களைத் திட்டியிருக்கேன்." அவன் அழுகை குழந்தையின் அழுகை மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் காவேரியை நிமிர்ந்து பார்த்தான். "மதினி, உங்க பேரைச் சொல்லிப் பொய் சொன்னேன்."

"முதல்ல காரை எடுங்க, தம்பி. கையைப் பாக்கணும்" என்றாள் காவேரி.

செங்கல்பட்டில் ஆஸ்பத்திரி. எலும்பு முறிவுதான், கட்டுப் போட்டால் சேர்ந்துவிடும் என்றார்கள். ஜவஹரை உள்ளே அழைத்துப் போன பிறகு, வராந்தா பெஞ்சில் காவேரியும் தங்கமும் தனியாக இருந்தார்கள். தங்கம் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"எம்மவன் திரும்பிப் பாக்கலன்னு உன்னை ஏசினேனே..."

"தெரியாமத்தானே அத்தை."

"தெரிஞ்சிருக்கணும்ல? பெத்தவளுக்குத் தெரியல. நீ ஒருத்தி சுமந்திருக்கே." தங்கம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஒரு தடவையாவது என்கிட்ட எதிர்த்துப் பேசியிருக்கலாம்லா, தாயி. நாலு வார்த்தை திட்டியிருந்தா எனக்கு இப்ப இவ்வளவு வலிக்காது."

தங்கம் காவேரியின் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டதும், வருஷக்கணக்காக ஜன்னலுக்குப் பின்னால் அடக்கிய அழுகையெல்லாம் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில், போகிற வருகிறவர் பார்க்க, சத்தமாக வெளியே வந்தது. தங்கம் தடுக்கவில்லை. முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அன்றைக்கு யாரும் சென்னை திரும்பவில்லை.

மறுநாள் விடிந்ததும் செந்தில்குமார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மண்ணாங்கட்டியோடு சேர்ந்து ஜல்லியை வாரிக் கூடையில் போட்டான். பழக்கமில்லாத கை, கொஞ்ச நேரத்தில் கொப்புளம் கிளம்பியது. குழியை மூடி மிதித்துவிட்டுத்தான் வேலையை நிறுத்தினான். நிச்சயம் தோட்டத்தில்தான், கார் தோப்பில்தான் என்று ஷண்முகப்ரியா மாப்பிள்ளை வீட்டுக்குப் போனில் சொல்லிவிட்டாள். "பெரியம்மா பக்கத்துல நின்னாத்தான் நான் மணையில உக்காருவேன்" என்று அனு சென்னையிலிருந்து போனில் சொன்னதையும் காவேரியிடம் வந்து சொன்னாள்.

செந்தில்குமார் கை கழுவிவிட்டு அண்ணனிடம் போனான். "வாங்கண்ணே, மாமரம் வரைக்கும் போயிட்டு வருவோம்."

ஜவஹர் கொஞ்சம் தயங்கினார். பிறகு கட்டுப் போடாத கையைத் தம்பியின் தோளில் வைத்தார். கிளறாமல் மிஞ்சியிருந்த புல்லின் மேல் இருவரும் மெல்ல நடந்தார்கள்.

காவேரி படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். செம்மண்ணும் புல்லும் சேருகிற இடத்துக்கு அவர்கள் வந்தபோது, அவள் கால் தானாக ஒரு படி இறங்கியது.

"உக்காருங்கக்கா," ஷண்முகப்ரியா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "அவர் பாத்துக்கிடுவார்."

காவேரி உட்கார்ந்தாள். ஷண்முகப்ரியா ஒரு டம்ளர் காபியை அவள் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில், அதே படியில், தோள் உரச உட்கார்ந்துகொண்டாள். தூரத்தில் அண்ணனும் தம்பியும் எதையோ பேசிச் சிரிப்பது கேட்டது. காவேரி எழுந்து பார்க்கவில்லை. ஆவி பறக்கும் காபியை, சூடு ஆறுவதற்கு முன்பே, நிதானமாகக் குடித்து முடித்தாள்.