இரண்டாவது டிஸ்க்!

"ஐயோ... என்னங்க!"

வாட்ச் மெக்கானிக்கின் மனைவி போட்ட அலறலில் எதிர்வீட்டு ஜன்னல்கள் படபடவென்று திறந்துகொண்டன.

அது காலை பதினோரு மணிக்கு. கடைக்குப் போய்விட்டுத் திரும்பிய நிமிடத்தில்.

இப்போது மணி மூன்று. உடலை எடுத்துப் போய்விட்டார்கள். வேலை மேஜைக்கடியில் ரத்தம் மட்டும் உறைந்து கிடந்தது.

"சுத்தியல்ல உங்க வீட்டுக்காரரோடதத் தவிர உங்க கைரேகை மட்டும்தான் இருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அவர் தலைக்குப் பக்கத்துல கிடந்துச்சு சார். எடுத்துத் தூரப் போட்டேன்."

"எல்லாரும் இதத்தாம்மா சொல்றாங்க!"

அவள் மேஜைக்கு மேலே இருந்த கேமராவைக் காட்டினாள்.

'என் வாட்ச் பார்ட்ஸை மாத்திட்டே' என்று எந்தக் கஸ்டமரும் வம்புக்கு வரக்கூடாது என்பதற்காக, கணவன் ஒவ்வொரு வாட்சையும் கேமராவுக்கு முன்னால்தான் திறப்பான். மேஜைக்கடியில் இருந்த கம்ப்யூட்டரில் எல்லாம் பதிவாகும்... ஒரே நேரத்தில் இரண்டு டிஸ்க்குகளில்.

"பார்த்தாச்சு. இன்னிக்குப் பதிவானது சுத்தமா இல்ல. பத்தே முக்காலுக்கு யாரோ பாஸ்வேர்ட் போட்டு அழிச்சுட்டு, கேமராவையும் நிறுத்தியிருக்காங்க. யாருக்குத் தெரியும் அந்தப் பாஸ்வேர்ட்?"

"அவருக்கு... எனக்கு..."

"எனக்குக்கூடத் தெரியாது சார்!" கதவில் சாய்ந்து நின்ற கொழுந்தன் பொங்கினான். "அண்ணன் என்னை எங்க நம்பினான்? பொண்டாட்டியத்தான் நம்பினான். நல்லாக் காட்டிட்டாங்க விசுவாசத்த!"

அவள் அவனையே பார்த்தாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடமாக அவனுக்கு அவள் அதிகம் பதில் சொன்னதில்லை.

நான்கு மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து மகள் வந்துவிடுவாள். அவள் பார்க்கப்போவது அம்மாவின் முகத்தையா... போலீஸ் ஜீப்பின் முதுகையா?

"இன்னொரு டிஸ்க் இருக்கே சார். அதப் பாருங்க!"

கொழுந்தன் சிரித்தான்.

"மிரரிங்னா என்னன்னு நினைச்சீங்க அண்ணி? இதுல எழுதினா அதுலயும் எழுதும். இதுல அழிச்சா அதுலயும் அழிஞ்சிடும். ஒரு டிஸ்க் கெட்டாத்தான் காப்பாத்தும். கை வச்சு அழிச்சா கடவுளே வந்தாலும் முடியாது!"

"உண்மைதான்" என்றது மேஜைக்கடியிலிருந்து ஒரு பெண் குரல்.

போலீஸ் ஆய்வுக்கூடத்து நிபுணர். டிபார்ட்மென்ட்டில் 'டிஸ்க் டாக்டர்' என்றால்தான் தெரியும். கம்ப்யூட்டர் கேபினட்டைத் திறந்துவைத்துக்கொண்டு குனிந்திருந்தாள்.

"இது சாஃப்ட்வேர் மிரரிங்கா, ஹார்ட்வேரா?"

"சாஃப்ட்வேர். நான்தான் செட் பண்ணிக் கொடுத்தேன்!" கொழுந்தன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். "தனியா கார்டு வாங்கி ஹார்ட்வேர்லதான் பண்ணணும்னு அண்ணன் ஒத்தக்கால்ல நின்னான். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எதுக்கு மேடம் கார்டு? அது கெட்டா அதே மாதிரி கார்டத் தேடி அலையணும். சாஃப்ட்வேர்னா டிஸ்க்கக் கழட்டி வேற கம்ப்யூட்டர்ல மாட்டினாக்கூடப் படிக்கலாம்."

"ரொம்ப சரி. அதனாலதான் இப்பப் படிக்கப்போறேன்."

"எ... எத?"

டிஸ்க் டாக்டர் ஒரு கேபிளைத் தூக்கிக் காட்டினாள். அதன் முனை எதிலும் மாட்டாமல் தொங்கியது.

"இந்த டிஸ்க்க. கேபினட் ஓரத்துல புதுசா ஒரு நசுங்கல் இருக்கு. அடிபட்டு விழுந்தவர் காலை உதறியிருக்கார். கேபிள் கழண்டுக்கிச்சு. அதுக்கப்புறம் அழிச்சது இன்னொரு டிஸ்க்ல மட்டும்தான்!"

"சும்மா கதை விடாதீங்க! கேபிள் கழண்டிருந்தா தெரியாதா? ஸ்கிரீன்ல ஒண்ணுமே காட்டலையே!"

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

மேஜை மேலிருந்த வாட்சுகள் மட்டும் டிக்... டிக்... டிக்...

"எப்பக் காட்டல?" என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக.

"இல்ல சார்... நான் பொதுவா..."

"சாஃப்ட்வேர் அப்படித்தான் தம்பி" என்றாள் டிஸ்க் டாக்டர். "ஒண்ணு போனாலும் இன்னொண்ண வச்சுக்கிட்டு கம்முனு ஓடும். கார்டு போட்டிருந்தா அந்த நிமிஷமே பீப் பீப்னு ஊரக் கூட்டியிருக்கும்!"

டிஸ்க்கைத் தன் லேப்டாப்பில் மாட்டினாள்.

திரையில் கணவன். உயிரோடு! மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

'கஸ்டமரோட தங்க வாட்ச் எங்கடா? டூப்ளிகேட்ட வச்சு யாரை ஏமாத்தறே? இப்பவே போலீசுக்குப் போறேன்!'

கர்ச்சீப் சுற்றிய ஒரு கை சுத்தியலை எடுத்தது. ஓங்கியது. கைக்குப் பின்னால்... கொழுந்தனின் முகம்!

கணவன் சரிந்தான். கால்கள் துடித்தன. 'டங்' என்றொரு சத்தம்.

திரை இருண்டது.

"பாஸ்வேர்ட் தெரியாதுன்ன? செட் பண்ணிக் கொடுத்தவனே நீதானேடா!" விலங்கு மாட்டினார் இன்ஸ்பெக்டர்.

வாசலில் அவன் கெஞ்சும் குரலில் திரும்பினான்.

"அண்ணி... ஆத்திரத்துல கை ஓங்கிட்டேன். நம்ம குடும்ப மானம் அண்ணி... ஒரு வக்கீலாவது வச்சுக் கொடுங்க..."

அவள் வாசல்வரை வந்தாள். பிறகு வாய் திறந்தாள்.

"ஒருத்தர் போதுமாடா? இல்ல... ஒருத்தர் புட்டுக்கிட்டாலும் இன்னொருத்தர் இருக்கட்டும்னு ரெண்டு வக்கீலா வைக்கட்டுமா?"