தண்ணீருக்கு ஒரு வினைச்சொல்

கற்செவி ஒன்பது நாட்களாக அந்த ஆற்றங்கரைப் பாறையைக் கேட்டுக்கொண்டிருந்தது. பத்தாம் நாள் காலை, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் செத்துப்போன ஒரு மனிதர் நீதிமன்றத்தில் இருமினார்.

தயனீத்தா நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். நாணலாற்றுப் பள்ளத்தாக்கில் மிச்சமிருந்த, செரோக்கி என்ற அமெரிக்கப் பழங்குடிக் குடும்பங்கள் அறுபது. எங்கோ வறண்டு கிடந்த நகரங்களுக்கு ஆற்றைக் கொண்டுபோக வந்த குழாய்க் கம்பெனி, அவர்களைக் காலி செய்ய முப்பது நாள் கெடு வைத்திருந்தது. இருபத்தொன்பது நாள் போய்விட்டது. கம்பெனியின் கையில் இருந்தது ஒரே ஒரு பழைய பத்திரம். மலை தாண்டிக் குடியேற வந்த வெள்ளைக்காரர்களுக்கு அன்றைய செரோக்கித் தலைவர் பள்ளத்தாக்கையே கொடுத்துவிட்டார் என்றது அது. அவர் பேச்சை மொழிபெயர்த்தவர், குடியேற வந்தவர்களின் தலைவர் டில்லர்டு. பத்திரம் எழுதியவரும் டில்லர்டு. சாட்சிக் கையெழுத்து டில்லர்டின் மச்சான். என்ன ஒரு நேர்மை!

ஆனால் கற்செவி வந்தபிறகு இந்த ஜம்பமெல்லாம் செல்லாது. கல்லின் படிகங்களுக்குள் மனிதப் பேச்சின் அதிர்வு தங்கிவிடுகிறது. அதைச் சுரண்டி எடுத்துக் குரலாக்கித் தரும் கருவி அது. எழுதி வைத்ததைவிட வாயால் சொன்னதே செல்லும் என்று சட்டமும் மாறிவிட்டது. அண்ணன் தம்பிகள், சொத்தை அப்பா யாருக்குச் சொன்னார் என்று காட்ட, வீட்டுப் படிக்கட்டைப் பெயர்த்துக்கொண்டு கோர்ட்டுக்கு ஓடினார்கள். அந்தச் சட்டத்துக்காகத் தெருவில் இறங்கிக் கத்தியவர்களில் தயனீத்தாவும் ஒருத்தி.

பள்ளத்தாக்கின் பழைய பேச்சு முழுதாகத் தெரிந்து மிஞ்சியவள் அவள் மட்டும்தான். வேறு ஆள் கிடைக்காததால் இரு தரப்பும் அவளையே மொழிபெயர்ப்பாளராக ஒப்புக்கொண்டிருந்தன. பின்வரிசையில் அவளுடைய தாய்மாமன் எல்லிஸ் தொப்பியைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பாறையிலிருந்து அந்தச் செரோக்கித் தலைவரின் குரல் மறுபடி வந்தது. ஒரே வாக்கியம். தயனீத்தா மூன்று முறை போடச் சொல்லிக் கேட்டாள். பிறகு அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"ஐயா, அவர் நிலத்தைக் குடுக்கவே இல்ல!"

"நிதானமா சொல்லுங்கம்மா" என்றார் நீதிபதி.

"எங்க பேச்சுல 'கொடு'ன்னு ஒரே சொல்லு கிடையாது. உயிருள்ளதைக் குடுத்தா ஒரு சொல்லு. துணி மாதிரி மடங்குறதுக்கு ஒண்ணு, கம்பு மாதிரி நீளமானதுக்கு ஒண்ணு, கல்லு மாதிரி கட்டியானதுக்கு ஒண்ணு. இவர் சொன்னது அஞ்சாவது. தண்ணி மாதிரி ஊத்துறதுக்குத்தான் அது வரும்."

"முழுசா சொல்லுங்க."

"'இதை உங்களுக்குத் தர்றேன், உங்க பிள்ளைங்களுக்கும் தர்றேன். வேணுங்கிற மட்டும் எடுத்துக்கோங்க.' அவ்வளவுதான். நிலம்ங்கிற பேச்சே இல்ல!"

கம்பெனி வக்கீல் மேரிபெத் ஆட்சேபம் சொல்லவில்லை. எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"தண்ணி மாதிரி இருக்கறதுக்கு மட்டும்தான் அந்தச் சொல்லு வருமா?"

"சத்தியமா."

"நன்றி."

அந்த நன்றி எதற்கென்று தயனீத்தா ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். சந்தோஷத்தில் இருப்பவர்கள் எங்கே யோசிக்கிறார்கள்?

அரை மணியில் தீர்ப்பு வந்தது. பத்திரம் பொய், பள்ளத்தாக்கு அறுபது குடும்பங்களுக்கே சொந்தம். எல்லிஸ் வாய்விட்டு அழுதார். நீதிபதி கையை உயர்த்தி அமைதியாக்கிவிட்டு மேலே படித்தார். அதே சாட்சியத்தின்படி, அங்குள்ள தண்ணீரை அந்தத் தலைவர் தன் வாயாலேயே குடியேறியவர்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் அளவில்லாமல் கொடுத்திருக்கிறார். அந்த உரிமை இன்று கம்பெனியிடம் இருக்கிறது. நாளை காலை முதல் ஆறு முழுவதையும் திருப்பிக்கொள்ளலாம்.

தயனீத்தா துள்ளி எழுந்தாள்.

"ஐயா, அது ஆறு இல்ல! சுரைக்குடுக்கைத் தண்ணி! மலையேறி வந்தவங்க, பிள்ளைங்களுக்குக் காய்ச்சல், நாக்கு வறண்டு நிக்குறாங்க. வாசல்ல வந்து நிக்கறவங்களுக்குக் குடுக்கைய நீட்டும்போது எங்காளுங்க இப்படித்தான் சொல்வாங்க. இன்னிக்கும் சொல்றோம்!"

"குடுக்கை இருந்ததா கற்செவி சொல்லலையேம்மா."

கற்செவிக்குக் கண் கிடையாது. நீட்டிய கையை அது பார்க்கவில்லை, வாய்ச்சொல்லை மட்டும் கேட்டது. வாய்ச்சொல் போதும் என்றுதானே அவர்களும் போராடினார்கள். அவள் கெஞ்சினாள், மேசையைத் தட்டினாள், ஆற்றுக்கு அந்தச் சொல்லைப் போடுவதே இல்லை என்று அழுதாள். நீதிபதி கோப்பை மூடிவிட்டு எழுந்துபோனார்.

வெளி வராந்தாவில் எல்லிஸ் சுவரோடு சுவராகச் சாய்ந்திருந்தார்.

"நெலம் கெடச்சிருச்சு. அதுல உட்கார்ந்துக்கிட்டு எதைம்மா குடிக்கிறது?"

"தெரியல மாமா. என் வாயாலயே கெடுத்துட்டேன்."

அப்போது மேரிபெத் அந்தப் பக்கமாக வந்தாள். ஒரு வாரமாக வழக்குமேல் வழக்காகப் பேசி அவள் குரல் கட்டிப்போயிருந்தது. இருமல் நிற்காமல் தூணைப் பிடித்துக்கொண்டாள். முகம் சிவந்துவிட்டது.

"உங்ககிட்ட தண்ணி... கொஞ்சம் இருக்குமா?"

பையில் பாட்டில் இருந்தது. காலையில் ஆற்றில் பிடித்தது. அதை இவள் முகத்தில் வீசினால் என்ன என்று தயனீத்தாவுக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனால் தாகம் என்று கேட்டவரிடம் இல்லை என்று சொல்ல அந்த வம்சத்தில் யாருக்கும் பழக்கமில்லை. மூடியைத் திறந்து நீட்டினாள். நீட்டும்போது கூடவே வரும் அந்தச் சொல், அம்மா அவளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கிய சொல், நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

காலடியில் கருங்கல் தளம்.

அவள் உதட்டைக் கடித்து அந்தச் சொல்லை விழுங்கிக்கொண்டாள். மேரிபெத் மடக் மடக்கென்று குடித்துப் பாட்டிலைக் காலி செய்தாள்.