இடப்பக்கம் திரும்பிய குமிழ்

மூன்றாம் நாள் காலையிலும் கியர்க் குமிழ் இடப்பக்கம் திரும்பியிருந்தது.

கஜீபன் நிலஅளவையாளன், அரைப் பாகைச் சரிவும் அவன் கண்ணுக்குத் தப்பாது. குமிழின் தலையில் பொறித்த இலக்கங்கள் ஓட்டுபவனைப் பார்க்க வேண்டியவை. அவையோ பக்கத்து ஆசனத்தில் இருப்பவர் வாசிக்க வாகாக நின்றன. முதல் நாள் அடி நட்டை இறுக்கியிருந்தான். இரண்டாம் நாள் பசையிட்டுப் பூட்டியிருந்தான். பசை வெடிக்கவில்லை. குமிழ் மட்டும் திரும்பியிருந்தது.

கொக்குவிலில் பழைய வாகனங்களைக் கழற்றி விற்கும் செபநாயகத்திடம் அந்தக் குமிழை மட்டும் வாங்கித் தன் காரில் பூட்டியிருந்தான்.

"உது தொண்டைமானாற்றுத் தண்ணிக்குள்ளை விழுந்த காரின்ரை, தம்பி. மிச்சமெல்லாம் கறள். உது மட்டும் மாப்பிள்ளை மாதிரி மினுங்குது."

"காரை ஓடினவர்?"

"அவர் நீந்திக் கரைசேந்திட்டார். பேய் இருந்தால் நான் கூடின விலையெல்லோ சொல்லுவன்!"

கஜீபன் சிரித்தான். வேறெதையும் கேட்கத் தோன்றவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. எட்டு மாதக் கர்ப்பிணியான மனைவி கேதீஸ்வரியைச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலுக்கு அழைத்துச் செல்வதாகச் சொல்லியிருந்தான். முன் ஆசனத்தில் அமர்ந்தவள் உடனே எழுந்தாள்.

"ஈரமாக் கிடக்கு. நான் பின்னுக்கு இருக்கிறன்."

"வெயிலிலை நிண்ட காருக்குள்ளை எப்பிடியப்பா ஈரம்?"

"என்னைக் கேட்டால்? உங்கடை புது கியர் நொப்பைக் கேளுங்கோ."

ஏசியிலிருந்து கசிந்த நீராக இருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

அச்சுவேலி கடந்து வீதி தொண்டைமானாற்றுக் கடல்நீரேரியை ஒட்டி நீண்டபோது, வெயிலில் கொதித்த உப்புச் சேற்றின் வாடையும், சாளரத்தில் மோதிய காற்றின் இரைச்சலும், அந்த இரைச்சலுக்கு அடியில், மிக அருகில், யாரோ நெடுநேரமாக மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது போன்றதொரு நிசப்தமும் காருக்குள் நிறைந்தன. முன்னால் வளைவு. கியரில் கை வைத்தான். உள்ளங்கைக்குள் குமிழ் மெல்லத் திரும்பியது. இடப்பக்கம்.

ஓடினவர் கரைசேர்ந்தார். பக்கத்தில் யார் இருந்தார் என்று அவன் கேட்கவில்லை.

கையை எடுக்க முயன்றான். முடியவில்லை. அதன்மேல் இன்னொரு கை. குளிர்ந்த கை. பிரேக்கை மிதித்தான். எதிர்ப்பே இல்லை, தண்ணீருக்குள் மிதித்தது போல.

"இஞ்சாருங்கோ, ஏன் தண்ணிப் பக்கம் திருப்புறியள்?"

"நான் திருப்பேல்லை."

அவனுடைய வலக்கைக்கு எதிரே, ஸ்ரியறிங்கின் இடப்பக்க விளிம்பில், ஈர விரல்தடங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றின. ஒன்று. இரண்டு. மூன்று.

நான்கு.