எதிர்காற்றில் நழுவிய படகு

ஞாயிறு, காலை 8.10. கிள்ளான் துறைமுகத்துப் படகு மன்றத்தில் களவுபோயிருந்தது நகையல்ல, ஜெயராஜின் பாய்மரப் படகின் வேகம். நேற்றைய பந்தயத்தில் அது கடைசி. இன்று இரண்டு மணிக்கு இறுதிப் பந்தயம்.

“விஜயன்தான் ஏதோ பண்ணிட்டான், அக்கா,” என்றார் ஜெயராஜ், மலர்விழியிடம்.

இருவர் ஓட்டும் படகு அது. ஜெயராஜோடு முப்பது வருடம் ஓட்டிய திருச்செல்வம் மாசியில் போய்ச் சேர்ந்தார். அவர் இடத்துக்கு வந்தவர் பழைய கூட்டாளி விஜயன். இப்போது பையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார், கிளம்பிவிடும் முகத்தோடு.

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் மலர்விழி பிரிக்பீல்ட்ஸிலிருந்து விடிந்ததும் வந்துவிட்டார். ஒரு காலத்தில் இந்த மூவருக்கும் கரையில் நின்று நேரம் குறித்தவர் அவர்தான். அந்தச் சிரிப்பும் கூச்சலும் இன்னும் காதில் இருந்தன. மிச்சமிருக்கும் இருவரும் பிரிவதைப் பார்க்க அவருக்கு மனசில்லை.

“காத்து பின்னால இருந்தப்ப எப்படி ஓடுச்சு?”

“நல்லாத்தான்,” என்றார் ஜெயராஜ்.

“எதிர்காத்துல?”

“நண்டு மாதிரி பக்கத்துல நழுவுச்சு.”

“கடைசியா படகைத் தொட்டது யாரு?”

“வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. நான் தேங்காய் உடைச்சேன். அப்புறம் இவன்தான் தனியா கழுவினான்.”

“கழுவினது ஒரு குத்தமா லா?” விஜயன் பையைத் தோளில் தூக்கிப் போட்டார்.

8.40. மலர்விழி படகுக்குள் மண்டியிட்டார். நடுவில் ஒரு நீளப் பிளவு. அதன் வழியாகத்தான் அடிப்பலகையைத் தண்ணீருக்குள் இறக்குவார்கள். அந்தப் பிளவுக்குள் வரிசையாக எறும்புகள் போய்க்கொண்டிருந்தன.

“ராஜ், தேங்காயை எங்க உடைச்ச?”

ஜெயராஜ் தலைகுனிந்தார். “செல்வம் எப்பவும் படகு கட்டுற ஜெட்டிப் படியிலதான் உடைப்பான். இந்த வருசம் அவன் ஞாபகமாவே இருந்துச்சு. படகுல அவன் உக்கார்ற இடத்துல கல்லை வச்சு உடைச்சேன்.”

மலர்விழி பிளவுக்குள் ஒரு கம்பியை விட்டு நெம்பினார். தேங்காய்ப் பருப்பு ஒட்டிய சிரட்டைத் துண்டு ஒன்று வெளியே வந்தது.

“குற்றவாளி நீதான். படகு பக்கத்துல நழுவாம பிடிக்கிறது அடிப்பலகை. எதிர்காத்துல அது முழுசா இறங்கணும். இது சிக்கி பாதியில நின்னுடுச்சு. பின்காத்துல பலகையை மேல தூக்கிடுவீங்க, அதான் வித்தியாசம் தெரியல. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.”

ஜெயராஜ் சிரட்டையையே பார்த்தார். கண் கலங்கியது.

“செல்வம் இருந்திருந்தா ரெண்டு பேரையும் திட்டியிருப்பான்,” என்றார் விஜயன். பை இன்னும் தோளில்தான் இருந்தது.

மதியம் 1.50. படகு தண்ணீரில் ஆடியது. திருச்செல்வம் உட்காரும் இடத்தை ஜெயராஜ் தன் துண்டால் துடைத்தார்.

“அங்க ஏன்டா நிக்கிற? உன் இடத்துல வந்து உக்காரு லா.”

விஜயனின் பை ஜெட்டியில் விழுந்தது. மலர்விழி பழைய ஸ்டாப்வாட்சைக் கையில் எடுத்தார்.