மூன்று வீட்டுக் கிணற்றுக் கப்பி

1934, பங்குனி மாதம், சனிக்கிழமை. காலை மணி ஆறு பத்து.

வில்லியனூரில் கனகாம்பாளின் மூன்று வாடகை வீடுகளுக்கும் பொதுவான கிணற்றில் கப்பியைக் காணவில்லை. கயிறு மட்டும் கைப்பிடிச் சுவரில் ஒழுங்காகச் சுருட்டி வைத்திருந்தது. தினமும் அந்தக் கப்பி கிறீச்சிட்ட பிறகே எழுந்து பழகிய காக்கைகள் அன்று எட்டு மணிவரை தூங்கின. ஊரே சாட்சி.

மணி ஒன்பது. உறுவையாற்றிலிருந்து நாலு இடத்தில் உட்கார்ந்து எழுந்து கனகாம்பாள் வந்து சேர்ந்தாள். புருஷன் போன எட்டு வருஷமாக வெள்ளிதோறும் வந்தவள், முழங்கால் வீங்கி இரண்டு மாதமாக வரவில்லை. வீடுகளைப் பார்த்துக்கொள்ளக் காரியஸ்தர் வைப்பதா வேண்டாமா என்று அன்று பொழுதுக்குள், அந்த வேலையைக் கேட்டிருந்த சிங்காரவேலுவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

கப்பி போன தகவலைச் சொன்ன அவரும் குடையோடு கூடவே நடந்து வந்திருந்தார். "பாத்தீங்களாம்மா? என் கையில குடுத்துடுங்க. நீங்க இந்தப் பக்கமே வர வேணாம்."

கடைசி வார்த்தை அவளுக்கு முழங்காலைவிட அதிகமாக வலித்தது. ஆனாலும், சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

"இரு தங்கச்சி" என்றார் எதிர்வீட்டு சூசைநாதன். போலீஸில் முப்பது வருஷம் இருந்தவர். கோழியின் முகத்தைப் பார்த்தே கோழித் திருடனைச் சொல்லிவிடுவார் என்று பெயர்.

"மொதல்ல பாத்தது யாரு?"

"நான்தாங்க" என்றான் முதல் வீட்டு வண்டிக்காரன் பக்கிரி. "மூஞ்சி கழுவப் போனேன்."

"அதுக்கு முன்ன யாராச்சும் தண்ணி சேந்தினீங்களா?"

"ஒரு சொட்டு இல்ல."

"ராத்திரி சத்தம்?"

"நாய்கூட கொலைக்கல" என்றான் நடு வீட்டு நெசவுக்கார மாரிமுத்து.

கடைசி வீட்டு ஆப்பக்காரி அமிர்தம் கனகாம்பாளை உட்கார வைத்து, கேட்காமலே ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தாள். வாசலில் அவளுடைய உரல் குழிக்குள் ஒரு குருவி குளித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் பக்கிரியின் மாட்டுத் தொட்டி தளும்பியது.

கனகாம்பாள் குரலைத் தாழ்த்தினாள். "சூசைண்ணே, வேலை கெடைக்கணும்னு சிங்காரவேலுவே எடுத்திருப்பாரோ?"

"அந்தாளுக்கு நாக்குதான் பலம். இரும்பு தூக்க மாட்டாரு. ஏன் தங்கச்சி, இந்த மாசம் மழ பேஞ்சுதா?"

"இல்லியே."

"அப்ப குருவி எதுல குளிக்குது?"

மூன்று வீட்டாரும் தரையைப் பார்த்தார்கள்.

"ஒரு சொட்டு சேந்தலியாம். ராத்திரி மாடு குடிச்சு, சோறு பொங்கின பொறவும் தொட்டி தளும்புது. மாவரைக்கிற உரலுகூட ரொம்பியிருக்கு. கப்பி போவப்போவுதுன்னு தெரிஞ்சவங்க விடியறதுக்கு முன்ன எல்லாத்தையும் ரொப்பிட்டாங்க. ஒருத்தர் இல்ல தங்கச்சி, மூணு வூடும்."

அமிர்தம் உள்ளே ஓடி அரிசிப் பானைக்குள் கையை விட்டாள். பழம்புடவையில் சுற்றிய கப்பி வெளியே வந்தது. விடியுமுன் கிறீச்சிடாமல் இறைக்க விளக்கெண்ணெய் வேறு தடவியிருந்தார்கள்.

"இன்னாடி இது? எங்கெணத்துலயே திருட்டா?"

"கப்பி காணாம பூட்டா நீங்களே பாக்க வருவீங்கன்னு நெனச்சோம்மா." அமிர்தம் விசும்பினாள். "காரியக்காரரு வந்துட்டா நீங்க வரவே மாட்டீங்களாமே. எம்புள்ளைக்கு அம்மை போட்டப்ப மூணு நாளு வேப்பலையோட ஒக்காந்திருந்தீங்க. அவரு ஒக்காருவாரா?"

"அது காரியஸ்தர் வேலையில சேராது" என்றார் சிங்காரவேலு. பாவம், உண்மையைத்தான் சொன்னார்.

"வான்னு ஒரு வார்த்த சொல்லியனுப்பினா வர மாட்டனா?"

"கால் வலியோட ஒங்கள நடக்க வெக்கக் கூடாதுன்னுதான் கூப்புடலம்மா" என்றான் பக்கிரி.

"இன்னிக்கி மட்டும் பறந்தாடா வந்தேன்?"

மூன்று வீட்டாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு தண்ணீரை ரொப்பியவர்கள் இதை மட்டும் யோசிக்கவில்லை. பக்கிரி போய் வண்டியில் மாட்டைப் பூட்டினான்.

கனகாம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சிங்காரவேலு, கோச்சுக்காதீங்க. எனக்குக் காரியஸ்தர் வேணாம், வண்டிக்காரன் போதும்."

வெயில் சாய்ந்த பிறகு பக்கிரி அவளை உறுவையாற்றில் இறக்கிவிட்டான்.

"வெள்ளிக்கெழம எத்தினி மணிக்கி வரட்டும்மா?"

"வெள்ளி வரைக்கும் இன்னாத்துக்கு?" என்றாள். "நாளைக்கே வாடா."