வடக்குக்கு விலக்கு

உடுமலைப்பேட்டையில் அக்காலத்தில் மனிதர்கள் கண் விழித்ததும் செவிவில்லையைத் தேடி ஒட்டிக்கொண்ட பிறகுதான் படுக்கையை விட்டு எழுவார்கள். காதுக்குப் பின்னால், தோலுக்கடியில் பதித்த காந்த வளையம் அந்த வில்லையைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். வில்லை செயற்கைக்கோள்களோடு பேசி, இடப்பக்கம் திரும்பு, நேரே போ, இதுதான் உன் அலுவலகம் என்று மண்டைக்குள் சொல்லிக்கொண்டிருக்கும். பிறந்த தெருவிலேயே கிழவர்களாகிவிட்டவர்கள்கூடப் பால் வாங்க அதைக் கேட்டுத்தான் போனார்கள். அதில் யாருக்கும் வெட்கமில்லை. வில்லை இல்லாதவர்களைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

தெய்வசிகாமணிக்கு நூற்பாலை இருந்தது. அதை விற்றுவிட்டு, பொழுது போகாத பணக்காரர்கள் எல்லோரையும் போல அவரும் வீட்டிலேயே ஒரு விமானம் கட்டினார். இரண்டு இருக்கை, இரும்புக் குழாய்ச் சட்டம், துணி போர்த்திய இறக்கை. தான் கட்டியதாக ஊரில் சொல்லிக்கொண்டார். குழாய்களைப் பற்றவைத்ததும் துணியை இழுத்துத் தைத்ததும் அவர் மனைவி வசுமதி. கரூரில் மைத்துனன் மகள் கல்யாணத்துக்குச் சொந்த விமானத்தில் போய் இறங்க வேண்டும், அப்போது மைத்துனன் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். பறப்பதில் அவருக்கிருந்த ஆர்வம் அவ்வளவுதான்.

குறுக்கே நின்றது திசைகாட்டி. சில ஆண்டுகளுக்கு முன் அடித்த சூரியப் புயலில் செயற்கைக்கோள்கள் ஒரு பகல் முழுக்க ஊமையாகிவிட, வானத்தில் இருந்தவர்களில் பலர் இறங்க இடம் தெரியாமல் செத்துப்போனார்கள். அதன் பிறகு, மின்சாரமே வேண்டாத பழைய காந்தத் திசைகாட்டி ஒன்று ஒவ்வொரு சிறிய விமானத்திலும் இருக்க வேண்டும், அது சரியாகவும் காட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. தெய்வசிகாமணியின் திசைகாட்டி சரியாகக் காட்டவில்லை. ஓடுதளத்தில் வரைந்திருந்த திசைவட்டத்தின் மேல் விமானத்தை நிறுத்தி மூக்கை வடக்கே திருப்பினால், வடகிழக்கு என்றது.

அவர் முதலில் விற்றவனைத் திட்டினார். பிறகு பேட்டரிக் கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி எட்டத் தள்ளிக் கட்டினார். அருகிலிருந்த இரும்புத் திருகாணிகளைக் கழற்றிப் பித்தளையில் போட்டார். பற்றவைத்த குழாய்களில் ஏறியிருக்கும் காந்தத்தை இறக்க மின்சுருள் வாங்கி வந்து சட்டம் முழுக்கத் தடவினார். எல்லாம் வசுமதி பற்றவைத்த லட்சணம் என்று அவள் காதில் விழும்படி சொல்லவும் செய்தார். முள் திருந்தவில்லை.

சான்று தர வந்த ஆய்வாளர் மெஹருன்னிசா அவரை இறங்கச் சொல்லிவிட்டு வசுமதியை ஓட்டும் இருக்கையில் உட்காரவைத்தார். முள் தயங்கிச் சுழன்று வடக்கில் போய் நின்றது. வசுமதியின் மண்டையில் வளையம் இல்லை. அந்த நச்சரிப்பு வேண்டாமென்று சின்ன வயதிலேயே மறுத்தவள் அவள். மறுபடி தெய்வசிகாமணி ஏறினார். முள் விலகியது. அவர் தலையைத் திருப்பத் திருப்ப அதுவும் அலைந்தது.

“விமானத்துல ஒண்ணும் கோளாறில்ல சார். உங்க தலைதான்” என்றார் ஆய்வாளர்.

வளையத்தை எடுப்பது பல் பிடுங்குவதைவிடச் சின்ன வேலை என்று அவர் விளக்கினார். அது வேண்டாமென்றால் வசுமதி பெயருக்கு உரிமம் தரலாம், ஆனால் அவளோடு தெய்வசிகாமணி ஏறக்கூடாது என்றார். தெய்வசிகாமணிக்கு இரண்டுமே அவமானமாக இருந்தது.

“எடுத்துப்போட்டுருங்க. கரூரு எந்தப் பக்கம்னு உங்களுக்குத் தெரியாதாக்கும்?” என்றாள் வசுமதி.

தெரியாது. அதை ஒப்புக்கொள்வதற்குப் பதில் அவர், “என்ர தலையில ஒருத்தன் கை வெக்கறதா? சட்டத்த மாத்தறேன் பாரு” என்றார்.

மாற்றியும் காட்டினார். வளையமும் விமானமும் வைத்திருந்தவர்கள் மாநிலம் முழுக்க இருந்தார்கள். எல்லோருக்கும் இதே கதைதான். சங்கம் சேர்ந்தார்கள். ஒரு முள் தங்களை இழிவுபடுத்துகிறது என்று மேடைகளில் கண் கலங்கினார்கள். சட்டமன்றத்திலும் எல்லா மண்டையிலும் வளையம் இருந்ததால் விஷயம் உடனே புரிந்துவிட்டது. வளையம் அணிந்தோருக்குத் திசைகாட்டியிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. முள் இருந்த இடத்தில், வில்லை சொல்வதையே திருப்பிக் காட்டும் ஒரு திரை வந்தது. இனி இரண்டும் ஒருநாளும் முரண்படாது என்று அரசு பெருமையோடு அறிவித்தது.

கல்யாணத்துக்கு வசுமதி பேருந்தில் போனாள். தெய்வசிகாமணி பட்டு வேட்டியோடு பறந்தார். ஆவணி மேகம் சூரியனை மூடியிருந்தது. ஊரைத் தாண்டியதும், எல்லோரும் மறந்துவிட்டிருந்த சூரியப் புயல் மறுபடி அடித்தது. வில்லை பாதிச் சொல்லில் நின்றது. திரை ‘காத்திருக்கவும்’ என்றது.

காத்திருந்தார். திசை தெரியாமல் எங்கெங்கோ பறந்துகொண்டே காத்திருந்தார். இடப்பக்கம் ஒரு மலை வந்தது, வலப்பக்கம் ஒரு மலை வந்தது, நடுவே அகலமான கணவாய் திறந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரிந்த மலைகள். ஆனால் அவை எவை என்று யாரும் காதில் சொல்லாததால் அவருக்கு அவை வெறும் பச்சைக் குவியல்கள். எரிபொருள் முள் அடியைத் தொட்டபோது பயத்தில் வசுமதியின் பெயரைச் சொல்லிக் கத்தினார். கடைசியில் ஒரு நெல்வயலில் விழுந்தார். இறக்கை ஒன்று போயிற்று, உயிர் போகவில்லை.

வயலுக்குச் சொந்தக்காரரான ஆறுச்சாமி ஓடிவந்து அவரைச் சேற்றிலிருந்து தூக்கி, வரப்பில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். இது எந்த ஊர் என்று தெய்வசிகாமணி கேட்டார்.

“சித்தூருங்க. பாலக்காட்டுச் சித்தூரு. இது என்ர வயலுதானுங்க.”

கரூருக்கு நேர் எதிர்த் திசை. தெய்வசிகாமணி அவரைச் சந்தேகத்தோடு பார்த்தார். அவருடைய வில்லை வேலை செய்கிறதா என்று விசாரித்தார். தன்னுடையதும் காலையிலிருந்து பேசவில்லை என்றார் ஆறுச்சாமி.

“பின்ன எதை வெச்சுச் சொல்றீங்க?”

ஆறுச்சாமி பதில் சொல்ல வாயெடுத்தார். தான் வெட்டிய கிணற்றைப் பார்த்தார், தான் கட்டிய வீட்டைப் பார்த்தார், வாசலில் நின்ற மனைவியைப் பார்த்தார். அவர் கை மெல்லக் காதுக்குப் பின்னால் போயிற்று.

“அதுவும் செரிதானுங்க” என்றார். “வில்லைக்குப் பேச்சு வந்ததும் கேட்டுப் பாத்துக்கலாம்.”

அவரும் வரப்பில் உட்கார்ந்துகொண்டார்.